லேவியராகமம் 25-இல் வரும் அடிமைச் சட்டத்தைப் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

பிரிக்பீல்ட்ஸ் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ச் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். என் வகுப்பில் இருப்பது படிவம் மூன்று, நான்கு, ஐந்து படிக்கிற பிள்ளைகள். இப்போது யாத்திராகமம் போய்க்கொண்டிருக்கிறது. வாதைகள், செங்கடல், மன்னா வரைக்கும் ஆர்வமாகக் கேட்டார்கள். 20-ஆம் அதிகாரத்தில் பத்துக் கட்டளைகள். அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து உன்னை வெளியே கொண்டுவந்தவர் நானே என்று சொல்லித்தான் கர்த்தர் பேச ஆரம்பிக்கிறார். அடுத்த அதிகாரத்தில் இரண்டாவது வசனமே, எபிரெய அடிமையை விலைக்கு வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்ற சட்டம். ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கி, "டீச்சர், இப்பத்தானே அடிமைகளை வெளிய கூட்டிட்டு வந்தாரு, உடனே அடிமை வாங்குறதுக்குச் சட்டம் குடுக்கிறாரா?" என்று கேட்டுவிட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு பையன் போனில் தேடி லேவியராகமம் 25:44 முதல் 46 வரை உரக்க வாசித்தான். சுற்றிலும் இருக்கிற வேற்று இனத்தாரிடமும், உங்கள் நடுவே தங்கியிருக்கிற அந்நியரின் பிள்ளைகளிலும் அடிமைகளை வாங்கலாம், அவர்களை உங்கள் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம், என்றைக்கும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் உங்கள் சகோதரனான இஸ்ரவேலனைக் கொடூரமாக ஆளக்கூடாது. இதுதான் அதன் சாரம். அந்தப் பையனுடைய அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், சமையலுக்கும் பரிமாறவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவருகிறார். அவன் கேட்டது: "எங்க கடை அண்ணன்மாருங்க வெளிநாட்டு ஆளுங்கதானே, அப்ப அவங்களுக்கு வேற சட்டமா?"

அடுத்த வகுப்பில் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன். மழுப்ப விருப்பமில்லை, அந்தப் பிள்ளைகள் கேட்டது நியாயமான கேள்வி. பைபிள் காலத்து அடிமைத்தனம் உண்மையில் எப்படி இருந்தது? புதிய ஏற்பாட்டில் ஏன் யாருமே இதை நிறுத்துங்கள் என்று நேராகச் சொல்லவில்லை? படித்தவர்கள், யோசித்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் வாசி எழுதியது:

ஸ்தோத்திரம் டீச்சர். அடிமை என்றதும் பிள்ளைகளின் கண்முன் வருவது சினிமாவில் பார்த்த சங்கிலியும் சாட்டையும் பருத்திக் காடும்தான். மோசேயின் சட்டம் பெரும்பாலும் பேசுவது கடன்பட்டவனைப் பற்றி. விளைச்சல் பொய்த்து, வட்டி ஏறி, நிலமும் கைவிட்டுப் போனபிறகு கடைசியில் அவன் தன்னையே விற்றுக்கொள்கிறான், அல்லது பிள்ளையை விற்கிறான். எலிசாவிடம் வந்து அழுத விதவையை நினைத்துப் பாருங்கள், 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரம். புருஷன் செத்துப்போனான், கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். அந்த நாட்டில் அடிமைத்தனம் வந்த வாசல் அது.

அந்த வாசலில்தான் கர்த்தர் வேலி போடுகிறார். எபிரெய அடிமை ஆறு வருஷம் வேலை செய்தால் ஏழாம் வருஷம் விடுதலை. உபாகமம் 15 இன்னும் ஒரு படி மேலே போய், அவனை வெறுங்கையாய் அனுப்பாதே, உன் ஆட்டுமந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து தாராளமாகக் கொடுத்து அனுப்பு என்கிறது, நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்று காரணமும் சொல்கிறது. ஓய்வுநாள் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் உண்டு. எஜமான் அடித்து ஒரு பல் விழுந்தால்கூட அந்தப் பல்லுக்காக அடிமையை விடுதலை செய்துவிட வேண்டும். ஆளைக் கடத்தி விற்கிறவனுக்கு மரண தண்டனை, யாத்திராகமம் 21:16. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஆட்களை ஏற்றிக் கொண்டுபோன வியாபாரம் முழுக்க இந்த ஒரு வசனத்திலேயே குற்றமாகிவிடுகிறது.

அப்புறம் உபாகமம் 23:15. எஜமானிடமிருந்து தப்பி உன்னிடம் வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்காதே, அவன் தனக்குப் பிடித்த இடத்தில் உன் நடுவே குடியிருக்கட்டும், அவனை ஒடுக்காதே. பாபிலோன் மன்னன் அம்முராபியின் சட்டம் இதைவிட ஆயிரம் வருஷத்துக்குமேல் பழமையானது என்று சொல்கிறவர்கள் உண்டு, அதில் ஓடிவந்த அடிமையை வீட்டில் ஒளித்து வைத்தவனுக்கே மரண தண்டனை. 1850-இல் அமெரிக்காவில் போட்ட சட்டமும், தப்பி வந்த அடிமையைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொன்னது. இந்த இரண்டையும் அந்த வசனத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள் டீச்சர், பிள்ளைகளுக்குப் புரியும்.

ஜார்ஜ்டவுன் வாத்தியார் எழுதியது:

செந்தூல் ஐயா காட்டிய வசனங்கள் எல்லாம் இருக்கின்றன, அவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் அவற்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பிள்ளைகளே மீதியைத் தேடி எடுத்துக்கொள்வார்கள், அதற்குப்பிறகு நாம் சொல்கிற எதையும் நம்பமாட்டார்கள். நான் பள்ளியில் சரித்திரம் நடத்தியவன், பினாங்குத் தமிழ்ச் சபையில் வளர்ந்தவன், இந்த விஷயம் என் மனதை நெடுநாளாக அரித்துக்கொண்டிருப்பது.

ஆறு வருஷக் கணக்கு எபிரெயனுக்கு மட்டும்தான். அதிலும் எஜமான் அவனுக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைத்திருந்தால், அவளும் பிள்ளைகளும் எஜமானுக்குச் சொந்தம், அவன் மட்டும் தனியாக வெளியே போகலாம். மனைவி பிள்ளைகளை விட்டுப்போக மனமில்லை என்று சொன்னால் அவனைக் கதவு நிலையருகே நிறுத்தி, காதைக் கம்பியால் குத்தி, ஆயுசுக்கும் அடிமையாக்கிக்கொள்ளலாம். குடும்பப் பாசத்தையே விலங்காக மாட்டுகிற சட்டம் அது, வேறு எப்படிச் சொல்வது? அதே யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனத்தில், அப்பன் தன் மகளை விற்றால் அவள் ஆண் அடிமைகள் போவதுபோலப் போகக்கூடாது என்று இருக்கிறது. 20, 21-ஆம் வசனங்களில் எஜமான் கோலால் அடித்து அடிமை அங்கேயே செத்தால் தண்டனை உண்டு, ஒன்றிரண்டு நாள் உயிரோடு கிடந்து செத்தால் தண்டனை கிடையாது, காரணம் அவன் எஜமானுடைய பணம். உங்கள் வகுப்புப் பெண் பிள்ளை அந்தப் பக்கத்திலேயே இதையும் படித்திருப்பாள். அம்முராபியை இழுத்தால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கடனுக்காக விற்கப்பட்ட மனைவி மக்களுக்கு அவன் வைத்தது மூன்று வருஷம், நான்காம் வருஷம் விடுதலை. ஆறைவிட மூன்று குறைவு.

இன்னொரு கேள்வி, இருந்த நல்ல சட்டத்தையாவது கைக்கொண்டார்களா? பைபிளே இல்லை என்கிறது. எரேமியா 34-ஐ முழுதாக வகுப்பில் வாசியுங்கள், அருமையான அதிகாரம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது, சிதேக்கியா ராஜா பயந்துபோய் எல்லாரும் தங்கள் எபிரெய அடிமைகளை விடுதலை செய்ய வேண்டும் என்று உடன்படிக்கை செய்யவைக்கிறான், எல்லாரும் விடுகிறார்கள். முற்றுகை தளர்ந்து படை கொஞ்சம் விலகியதும் அதே ஆட்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கிக்கொள்கிறார்கள். எரேமியாவுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் அல்ல. நீங்கள் அவர்களுக்கு விடுதலை கூறவில்லை, அதனால் நான் உங்களைப் பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் விடுதலை கூறுகிறேன் என்கிறார். நெகேமியா 5-இலும் இதே கதை. ராஜாவுக்கு வரி கட்டக் கடன், தானியத்துக்கு நிலமும் திராட்சைத் தோட்டமும் அடமானம், கடைசியில் மகள்கள் அடிமைகளாகிவிட்டார்கள், மீட்க வழியில்லை என்று ஜனங்கள் தங்கள் சொந்த யூதச் சகோதரர்களுக்கு எதிராக அழுகிறார்கள்.

பைபிளுக்கு வெளியே ஒரு சான்று இருக்கிறது, எனக்கு மிகவும் கனமாகப்பட்டது அது. 1962-இல் எரிகோவுக்கு வடக்கே வாடி தாலியே என்ற பள்ளத்தாக்கில் ஒரு குகையில் நாடோடி மக்கள் பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தார்கள். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டு, சமாரியா நகரத்தில் எழுதியவை. அலெக்சாந்தர் படைக்குப் பயந்து ஓடிய குடும்பங்கள் குகைக்குள் வந்தபோது கையோடு எடுத்துவந்த பத்திரங்கள், அவர்களுடைய எலும்பும் அங்கேயே கிடந்தது. அந்தப் பத்திரங்களில் பெரும்பாலானவை அடிமை விற்ற கிரயப் பத்திரங்கள். விற்கப்பட்ட ஒருவன் பெயர் யெகோகனான், விலை 35 வெள்ளிச் சேக்கல். கர்த்தருடைய பெயரையே தன் பெயரில் சுமந்தவன், வாங்கியவன் பெயரிலும் கர்த்தருடைய பெயர்தான் இருக்கிறது. அவனை என்றென்றைக்கும் என்று எழுதி விற்றிருக்கிறார்கள். ஆறு வருஷம் என்ற பேச்சே இல்லை. பிழைப்புக்கு உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற நேரத்திலும் இன்னொரு மனுஷனுக்கான பத்திரத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

வியாபாரத்தைப் பற்றித் தீர்க்கதரிசிகள் பேசாமல் இல்லை. முழு ஊரையே சிறைபிடித்து ஏதோமுக்கு விற்றதற்காகக் காசாவையும் தீருவையும் ஆமோஸ் சபிக்கிறார், நீதிமானைப் பணத்துக்கும் ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கும் விற்றதற்காக இஸ்ரவேலையும் சேர்த்துத்தான். யூதா ஜனங்களைக் கிரேக்கருக்கு விற்றார்கள் என்று யோவேல் 3-இல் இருக்கிறது. எசேக்கியேல் 27-இல் தீருவின் சரக்குப் பட்டியலில் வெண்கலப் பாத்திரத்தோடு மனுஷரும் வருகிறார்கள். வெளிப்படுத்தல் 18-இல் பாபிலோன் விழும்போது வியாபாரிகள் அழுவது தங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று, அந்த நீண்ட பட்டியல் பொன், முத்து, இலவங்கம், மாவு, ஆடுமாடு என்று போய்க் கடைசியில் மனுஷ உடல்கள், ஆத்துமாக்கள் என்று முடிகிறது.

யூத ரபிகளும் இதோடு மல்லுக்கட்டினார்கள். எபிரெய அடிமையை வாங்கினவன் தனக்கு ஒரு எஜமானை வாங்கிக்கொண்டான் என்று யூதச் சட்ட நூலான தல்முதில் ஒரு பேச்சு உண்டு, அந்த அளவுக்கு அவனுக்குக் கடமைகளை ஏற்றிவைத்தார்கள். ஏன் காதைக் குத்த வேண்டும் என்ற கேள்விக்கு ரபி யோகனான் பென் சக்காய் சொன்ன பதில், இஸ்ரவேலர் என் ஊழியக்காரர் என்று சீனாயில் கேட்ட காது அது, அப்படியிருந்தும் வேறு எஜமானைத் தேடிப் போனதே என்பது. ஆனால் இதெல்லாமும் எபிரெய அடிமைக்கு. வேற்று இனத்து அடிமையைப் பற்றி 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிதெஸ் எழுதும்போது, அவனைக் கடுமையாக வேலை வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனாலும் இரக்கத்தோடு நடத்துவதே பக்தி என்று சொல்லி யோபு 31-ஐ எடுத்துக் காட்டினார். லேவியராகமத்து வசனத்தின் கூர் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

டீச்சர், என் கருத்தைக் கேட்டால், இந்தப் புத்தகத்துக்குள்ளேயே இரண்டு குரல் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எகிப்தை மறக்காதே என்கிற குரல் ஒன்று, அந்நியனை வாங்கிச் சொத்தாக எழுதிவை என்கிற குரல் இன்னொன்று. இரண்டாவது குரல் இல்லவே இல்லை என்று சொல்வது, அதற்கு இரையானவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

புக்கிட் மெர்த்தாஜாம் கத்தோலிக்கன் எழுதியது:

வாத்தியார் பழைய ஏற்பாட்டைச் சொல்லிவிட்டார், புதிய ஏற்பாட்டுக் கேள்விக்கு நான் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரோமில் அடிமையின் உயிருக்கு என்ன மதிப்பு என்று முதலில் பார்க்க வேண்டும். கி.பி. 61-இல் ரோம் நகர அதிகாரி பெதானியுஸ் செக்குந்துஸை அவர் வீட்டு அடிமை ஒருவன் கொன்றுவிட்டான். பழைய வழக்கப்படி அந்த வீட்டில் இருந்த 400 அடிமைகளையும், பெண்கள் பிள்ளைகள் உட்பட, கொல்ல வேண்டும் என்று மூப்பர் மன்றம் தீர்த்தது. ஊர் ஜனங்கள் கல்லும் தீப்பந்தமும் எடுத்துக்கொண்டு எதிர்த்தும் படையை நிறுத்திக் கொன்று முடித்தார்கள். புனித பவுல் வாழ்ந்த காலம் இது. வீடுகளில் கூடிய சின்னச் சின்ன சபைகள், அவற்றில் எஜமானும் உண்டு அடிமையும் உண்டு. இதைச் சொல்வது அவர்களுக்கு வக்காலத்து வாங்க அல்ல, எந்த உலகத்தில் நின்று எழுதினார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

பிலமோனுக்கு எழுதிய கடிதம் 25 வசனம்தான், வகுப்பிலேயே படித்து முடித்துவிடலாம். பிலமோனின் அடிமை ஒனேசிமை அவனிடம் திருப்பி அனுப்புகிறார் பவுல், ஆனால் இனி அடிமையாக அல்ல, அன்புள்ள சகோதரனாக ஏற்றுக்கொள், என்னை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொள், கடன் ஏதாவது இருந்தால் என் கணக்கில் எழுது என்கிறார். விடுதலை செய்துவிடு என்ற ஒரு வரி மட்டும் இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் 1800 வருஷம் இரண்டு பக்கமும் அந்தக் கடிதத்தைப் பிடித்து இழுத்தார்கள். 1 திமொத்தேயு 1:10 ஆள்கடத்திகளைக் கொலைகாரரோடு சேர்த்து வைக்கிறது. கலாத்தியர் 3:28 அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் இல்லை என்கிறது. எபேசியர் 6-உம் கொலோசையர் 3-உம் அடிமைகளே, எஜமானுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கின்றன, 1 பேதுரு 2:18 கொடுமைக்கார எஜமானுக்கும் கீழ்ப்படி என்றே சொல்கிறது. எல்லாமே அதே புதிய ஏற்பாட்டில்தான் இருக்கின்றன.

நேராகச் சொன்ன ஒருவர் இருக்கிறார், நம் ஞாயிறு பள்ளிகளில் அவர் பெயரே வருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். நீசா நகர் ஆயர் கிரகோரி, நான்காம் நூற்றாண்டு. சபை உரையாளர் (பிரசங்கி) புத்தகத்தில் ஆண் அடிமைகளையும் பெண் அடிமைகளையும் வாங்கினேன் என்று வருகிற இடத்தில் நின்று அவர் கேட்கிறார், கடவுளின் சாயலை என்ன விலை கொடுத்து வாங்கினாய், பகுத்தறிவுக்கு எத்தனை காசு கொடுத்தாய், கடவுளே சுதந்திரமாகப் படைத்ததை உன்னிடம் விற்றவன் யார்? அந்தக் காலத்தில் இவ்வளவு வெளிப்படையாக அடிமைத்தனத்தையே குற்றம் என்று பேசியவர் வேறு யாரும் என் கண்ணில் படவில்லை. கொஞ்ச காலம் கழித்து வந்த புனித அகுஸ்தீன்கூட, அது பாவத்தின் விளைவு, கடவுள் படைத்த இயற்கை நிலை அல்ல என்று சொல்லிவிட்டு, அடிமைகள் பொறுத்துக்கொண்டு ஊழியம் செய்ய வேண்டும் என்றுதான் முடித்தார்.

கீழ்ப்படி என்கிற வசனங்கள் யார் கையில் என்ன ஆனது என்பதற்கு இரண்டு உதாரணம். 1807-இல் லண்டனில் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்றே ஒரு பைபிள் அச்சடித்தார்கள். அதில் விடுதலைப் பயணத்தின் (யாத்திராகமத்தின்) முதல் 18 அதிகாரம் இல்லை, எகிப்திலிருந்து வெளியேறுவதே இல்லை. கலாத்தியர் 3:28 இல்லை. எபேசியர் 6:5 மட்டும் பத்திரமாக இருக்கிறது. வெட்டினவர்களுக்கு எந்த வசனம் ஆபத்தானது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்னொன்று, பார்படோஸ் தீவில் கோட்ரிங்டன் கரும்புத் தோட்டம். 1710-இல் உயில் மூலமாக எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலேயத் திருச்சபைச் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது, அங்கிருந்த அடிமைகளின் மார்பில் சொசைட்டி என்ற ஆங்கிலச் சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டிருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியிலும் நாசரேத்திலும் பள்ளியும் கோவிலும் கட்டியதும் அதே எஸ்.பி.ஜி.தான். இங்கே பல குடும்பங்கள் அந்த ஊர்களிலிருந்து வந்தவை. 2006-இல் இங்கிலாந்துத் திருச்சபை இதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது.

அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹோவர்டு தர்மனின் பாட்டி அடிமையாகப் பிறந்தவர், எழுதப்படிக்கத் தெரியாது, பேரன்தான் பைபிள் வாசித்துக் காட்ட வேண்டும். பவுலின் கடிதங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார், 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தைத் தவிர. எஜமானுடைய போதகர் வரும்போதெல்லாம் கீழ்ப்படியுங்கள் என்ற வசனத்தையே எடுத்துப் பேசியதால், விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியைத் தொடமாட்டேன் என்று அவர் அன்றே முடிவு செய்துகொண்டார். எனக்கு அவருடைய தீர்ப்பு பல விளக்கவுரைகளைவிடப் பெரிது.

கெப்போங் விசுவாசி எழுதியது:

சிஸ்டர், தவறாக நினைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் கிளறிக் காட்டினால் விசுவாசம் ஆட்டம் கண்டுவிடும். இரட்சிப்புக்குத் தேவையானதைச் சொல்லிக்கொடுங்கள், மீதியை அவர்கள் பெரியவர்களானதும் தாங்களாகவே ஆராயட்டும். ஜெபத்தோடு கடந்து போவது நல்லது.

தோட்டத்துப் பேத்தி எழுதியது:

நான் கிறிஸ்தவள் இல்லை, பிறையில் மாரியம்மன் கோவில் பக்கம் வளர்ந்தவள். ஆனால் கெப்போங் அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. அண்ணா, அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். அதுவும் கேட்டது யார், தோட்டத்துக் கூலிகளின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள்.

லேவியராகமம் 25-ஐ இன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். உன் சகோதரனைக் கொடூரமாக ஆளாதே, சுற்றியிருக்கிற அந்நியனை வாங்கிக்கொள். என் மனதில் வந்தது, அந்த வசனத்தில் நாம் எந்தப் பக்கம்? என் பாட்டியின் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். கப்பல் கூலியே கடன், அந்தக் கடனோடுதான் புலாவ் ஜெரெஜாக்கில் நோய்ப் பரிசோதனைக்கு அடைத்துவைத்துப் பிறகு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 1910 வரைக்கும் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது, கரும்புத் தோட்டமோ காப்பித் தோட்டமோ ஓடிப்போனால் அது குற்றம், பிடித்து ஜெயிலில் போடலாம். அப்புறம் கங்காணி ஊருக்குப் போய் ஆள் கூட்டிவருகிற கங்காணி முறை, அது 1938-இல் நின்றது. அடிமை ஒழிப்புச் சட்டம் பிரிட்டிஷ்காரன் போட்டது 1833-இல், அதற்குப்பிறகுதான் நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கடனில் கப்பல் ஏறினார்கள். ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, கூலிக்கு ஒப்பந்தம் முடிகிற ஒரு நாள் இருந்தது, பிள்ளைகளை யாரும் உயில் எழுதி வைக்கவில்லை. ஆனால் செந்தூல் ஐயா சொன்ன அந்தக் கடன் வாசல் இருக்கிறதே, எங்கள் வீட்டு ஆட்களும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள்.

தப்பி வந்தவளைத் திருப்பிக் கொடுக்காதே என்ற வசனத்தைப் படித்ததும் பேராக் ஞாபகம் வந்தது. 1875-இல் பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிர்ச் கொல்லப்பட்டதைச் சரித்திரப் பாடத்தில் படித்திருப்போம். வரி வசூலில் கைவைத்தது, அதிகாரத்தைப் பிடுங்கியது என்று பல காரணம் உண்டு, அவற்றில் ஒன்று மலாய்த் தலைவர்களின் வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்த கடனடிமைப் பெண்களுக்கு அவர் அடைக்கலம் கொடுத்தது. காலனி அதிகாரி என்ற முறையில் பிர்ச்சைக் கொண்டாட எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பெண்களின் பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை என்பது என்னை உறுத்துகிறது.

இன்றைக்கு வருவோம். நான் ஒரு தொழிற்சாலையில் ஆள் நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்தேன், எது என்று சொல்லமாட்டேன். அலுவலகத்தில் ஒரு இரும்பு அலமாரி, அதில் நேப்பாளி, வங்காளதேசத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும், ஒவ்வொரு கட்டின்மேலும் விடுதி அறை எண். பாதுகாப்புக்காக வைத்திருக்கிறோம் என்பார்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். ஒரு பையனுக்கு ஊரில் அம்மா இறந்துபோன செய்தி வந்தது, பாஸ்போர்ட்டைக் கேட்டு அந்த அலமாரி முன்னால் நின்றான், மேலாளர் வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமை வா என்றார்கள். சாவி என் மேசையிலிருந்து நாலடி தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் வட்டியோடு ஊரில் நிற்கும், அதனால் அவனால் வேலையை விட்டும் போக முடியாது. டீச்சர், அந்தப் பையன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். அவன் கடை அண்ணன்மார்களின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, அவர்களுக்கு வார ஓய்வு உண்டா என்று அவன் வீட்டில் போய்க் கேட்டாலே போதும்.

செந்தூல் வாசி எழுதியது:

தங்கச்சி எழுதியதைப் படித்தேன். ஓய்வுநாள் சட்டத்தில் உன் வாசல்களில் இருக்கிற அந்நியனும் என்று தெளிவாக இருக்கிறது, யாத்திராகமம் 20:10. அந்நியனைச் சிறுமைப்படுத்தாதே, நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்கள் என்று 23:9-இல் திரும்ப வருகிறது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த இரண்டையும் காட்டுங்கள் டீச்சர். வாத்தியார் சொன்னதுபோல லேவியராகமத்தை மறைக்க வேண்டாம், மூன்றையும் ஒரே நாளில் வாசிக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸ் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கெப்போங் அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் நான் தாண்டிப் போனால் பிள்ளைகள் இணையத்தில் யாரோ ஒருவர் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். என்னோடு உட்கார்ந்து படிப்பது மேல்.

இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறேன். லேவியராகமம் 25:39 முதல் 46 வரை முழுதாக வாசிக்கவைத்து, அந்நியன் இடத்தில் நின்று ஒருமுறை, இஸ்ரவேலன் இடத்தில் நின்று ஒருமுறை பேசச் சொல்வேன். அடுத்து உபாகமம் 23:15, பிறகு எரேமியா 34. பிலேமோன் கடிதத்துக்கு ஒரு தனி வாரம், அதில் ஒநேசிமு என்ன பதில் எழுதியிருப்பான் என்று எழுதச் சொல்லலாம், அவன் குரல் மட்டும்தான் அந்தக் கடிதத்தில் இல்லை. சமாரியாப் பத்திரத்து யெகோகனானையும், சூடு போட்ட கதையையும் கட்டாயம் சொல்வேன். தோட்டத்துப் பேத்தி, உங்களுக்குச் சம்மதம் என்றால் அந்த அலமாரி விஷயத்தையும்.

ஒரே ஒரு சந்தேகம். நோவாவின் மகன் காமுக்கு வந்த சாபத்தால்தான் கறுப்பர்கள் அடிமைகளானார்கள் என்று ஒரு பிள்ளை எங்கேயோ கேட்டுவிட்டு வந்திருக்கிறான். நிறம் கறுப்பான என் பிள்ளைகள் நடுவில் அதை அவன் சொன்னபோது எனக்கு வயிறு கலங்கியது. இதற்கு என்ன சொல்ல?

ஜார்ஜ்டவுன் வாத்தியார் எழுதியது:

ஆதியாகமம் 9-ஐத் திறந்து 25-ஆம் வசனத்தை அந்தப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். சாபம் காமுக்கே இல்லை, அவன் மகன் கானானுக்கு. நோவா சொன்னது, கர்த்தர் சொன்னதாக அங்கே இல்லை. நிறத்தைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. 10-ஆம் அதிகாரத்தில் கானானுடைய சந்ததி என்று வருவது சீதோன், ஏத்து, எபூசியர், எமோரியர், அத்தனையும் இஸ்ரவேலைச் சுற்றியிருந்த பாலஸ்தீன, பெனிக்கேய நாட்டு ஜனங்கள். எத்தியோப்பியாவான கூஷ் காமுடைய இன்னொரு மகன், அவனுக்குச் சாபமே வரவில்லை. ஆப்பிரிக்கரைக் கப்பலில் ஏற்றி விற்றவர்களுக்கு ஒரு வசனம் தேவைப்பட்டது, இதை எடுத்துத் திரித்துக்கொண்டார்கள், அமெரிக்கத் தென்பகுதிப் பிரசங்க மேடைகளில் உள்நாட்டுப் போர் வரைக்கும் ஓடியது.

கறுப்பு நிறப் பிள்ளைகள் முன்னால் இதைச் சொல்லும்போது எண்ணாகமம் 12-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோசே கட்டின மனைவி கூஷ் நாட்டுப் பெண். அதற்காக மிரியாமும் ஆரோனும் மோசேக்கு விரோதமாகப் பேசினார்கள், கர்த்தருடைய கோபம் மோசேயின்மேல் வரவில்லை, பேசின அவர்கள் இருவர்மேலும்தான் வந்தது.